பட்ரீஷியா ரௌட்லிட்ஜை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பிரிட்டிஷ் நடிகை பட்ரீஷியா ரௌட்லிட்ஜ் 2025 அக்டோபர் 3 அன்று, தன் 96ஆவது வயதில் காலமானார். அந்த வாரம் முழுக்க என் கைபேசிக்கு ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. பூப்போட்ட உடை, கையில் வெள்ளைத் தொலைபேசி, ‘பொக்கே இல்லம், வீட்டு அம்மாள் பேசுகிறேன்’ என்று ராகம் போட்டு இழுக்கும் குரல். அதைப் பார்த்துச் சிரித்த மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “இவங்க நடிச்சதைப் பாக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்?”

பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் ஒரு பதில் சொல்வார்கள். நான் சொல்லும் பதில் வேறு. அதனால் காரணங்களையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் அவரைப் பற்றிக் கொஞ்சம். 1929இல், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் பிறந்தவர். அப்பா துணிமணிக் கடை வைத்திருந்தார். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, பிரிஸ்டல் ஓல்டு விக் நாடகப் பள்ளியில் பயிற்சி பெற்றார். நன்றாகப் பாடுவார், முறையாகப் பயின்ற குரல். 1961இல் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் ஒரு சிற்றுண்டிக் கடைக்காரியாக வந்தார். 1967இல் சிட்னி பாய்ட்டியே நடித்த ‘டு சர், வித் லவ்’ படத்தில் உடன் வேலை பார்க்கும் ஆசிரியையாக நடித்தார். அடுத்த ஆண்டே நியூயார்க்கின் பிராட்வேயில் ‘டார்லிங் ஆஃப் தி டே’ என்ற இசை நாடகத்துக்காக டோனி விருது. அந்த நாடகம் சில வாரங்களுக்கு மேல் ஓடவில்லை, ஆனாலும் விருது அவரைத் தேடி வந்தது. 1988இல் ‘கேண்டீட்’ இசை நாடகத்துக்காக லண்டனின் ஒலிவியே விருது.

இவ்வளவுக்கும் பிறகுதான் தெருவில் போகிற எல்லோருக்கும் அவர் முகம் தெரிய ஆரம்பித்தது. ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ தொடரின் முதல் எபிசோட் பிபிசியில் வந்தபோது அவருக்கு வயது 61. ஒரு நகைச்சுவை நடிகையின் திரைவாழ்க்கை அந்த வயதில் உச்சத்துக்குப் போவது எந்த நாட்டிலும் அபூர்வம். அவரை எங்கிருந்து தொடங்குவது என்று தயங்க வேண்டியிருப்பதும் இதனால்தான். புகழ் வந்த இடம் ஒன்று, அந்தப் புகழுக்கு அவர் தயாரான இடம் இன்னொன்று.

தொடங்குவதற்கு நான்கு வாசல்கள் இருக்கின்றன. நேரம் இல்லாதவருக்கு ஒன்று, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒன்று, ஆங்கில உச்சரிப்பு சிரமமாக இருப்பவருக்கு ஒன்று என்று ஆளுக்கேற்ப மாறும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லோரும் கைகாட்டும் வாசல் ஹயசிந்த் என்ற பாத்திரம். ராய் கிளார்க் எழுதிய ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ 1990 முதல் 1995 வரை வந்தது. கிறிஸ்துமஸ் சிறப்புகளையும் சேர்த்து 44 எபிசோடுகள். வழக்கமானவை ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கதை ஒரே வரிதான். எளிய குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், தான் மேல்தட்டுப் பெண்மணி என்று ஊரை நம்பவைக்கப் பாடுபடுகிறாள். அவள் கணவரின் குடும்பப் பெயர் ‘பக்கெட்’. அதை அவள் ‘பொக்கே’ என்றுதான் உச்சரிப்பாள், மற்றவர்களையும் அப்படியே சொல்லவைப்பாள்.

இந்த நகைச்சுவை தமிழ் வாசகருக்கு மொழிபெயர்ப்பே இல்லாமல் புரியும். குளியலறையில் இருப்பதும் பக்கெட், கல்யாண மேடையில் கொடுப்பதும் பொக்கே. இரண்டும் நம் வாயில் அப்படியே புழங்குகின்றன. ஆங்கில நகைச்சுவை இப்படி நேராக நம் காதுக்குள் வந்து விழுவது எப்போதாவதுதான் நடக்கும்.

சம்பவங்கள் பழகிவிட்ட சடங்கு மாதிரி திரும்பத் திரும்ப வரும். பக்கத்து வீட்டு எலிசபெத்தைக் காபிக்குக் கூப்பிடுவாள் ஹயசிந்த். கையால் வண்ணம் தீட்டிய விலையுயர்ந்த பீங்கான் கோப்பையைக் கையில் கொடுத்ததும் எலிசபெத்தின் விரல்கள் நடுங்கத் தொடங்கும், காபி தரையில் சிந்தும். எலிசபெத்தின் சகோதரர் எமெட் ஓர் இசைக்காரர். தன்னைக் கண்டதும் ஹயசிந்த் பாடத் தொடங்கிவிடுவாளோ என்ற பயத்தில், வாசல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காருக்கு ஓடுவார். கணவர் ரிச்சர்ட் கார் ஓட்டும்போது, எங்கோ தூரத்து நடைபாதையில் போகிறவரைக் கூட ‘கவனம்’ என்று எச்சரித்துக்கொண்டே வருவாள். இன்னொரு பக்கம் தங்கை டெய்சியின் வீடு. அவள் கணவன் ஆன்ஸ்லோ உள்பனியனோடு பீர் குடித்தபடி டிவி பார்த்துக்கொண்டிருப்பான். வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும் காருக்குள் ஒரு நாய் இருக்கிறது. ஹயசிந்த் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது குரைக்கும், அவள் துள்ளி வேலிச் செடியில் போய் விழுவாள்.

அந்த விழுகையைக் கவனித்துப் பாருங்கள். தொப்பி, கைப்பை, காலணி எல்லாம் சேர்ந்து விழும், ஆனால் எழும்போது கழுத்து மட்டும் முதலில் நேராகும். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் மற்ற உடம்பு எழும். அதைப் போலவே பாட்டும். ஹயசிந்தின் பாட்டு காதைக் கிழிக்கும். நன்றாகப் பாடத் தெரிந்த ஒருவர்தான் அவ்வளவு துல்லியமாக மோசமாகப் பாட முடியும். சுருதியை எங்கே எவ்வளவு தவறவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். டோனி விருது வாங்கிய குரல் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால் சிரிப்போடு வியப்பும் சேரும்.

நடைமுறையில் இன்னொரு வசதியும் உண்டு. ஹயசிந்த் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, நிறுத்தி, ‘உயர்ந்த’ ஆங்கிலத்தில் பேசுகிறாள். ஆன்ஸ்லோ பேசுவது புரியாமல் போகலாம், இவள் பேசுவது புரியாமல் போகாது. ஆங்கில எழுத்துவரிகளை (சப்டைட்டில்) போட்டுக்கொண்டால் சிரமமே இல்லை. குழந்தைகளோடும் பார்க்கலாம், நடுவில் எந்த எபிசோடிலும் நுழையலாம். ஒன்றே ஒன்று பார்க்கப் போகிறீர்கள் என்றால் 1993 கிறிஸ்துமஸுக்கு வந்த ‘சீ ஃபீவர்’ என்ற சிறப்பு எபிசோடைப் பாருங்கள். குயீன் எலிசபெத் 2 கப்பலில் சொகுசுப் பயணம் போகிறாள் ஹயசிந்த். யாரை விட்டு இத்தனை தூரம் வந்தாளோ அவர்களே கப்பலில் நின்றால் எப்படி இருக்கும்?

குறை என்னவென்றால், இதில் தொடங்கியவர்கள் பலர் இதிலேயே நின்றுவிடுகிறார்கள். சடங்கு இன்பமானது, 44 முறை நடந்தாலும் அலுக்காது. ஆனால் மனத்தில் ஓர் அச்சு விழுந்துவிடுகிறது. அப்புறம் அவர் வேறு எந்த வேடத்தில் வந்தாலும் ‘அட, ஹயசிந்த்!’ என்றுதான் தோன்றும். இந்த ஆபத்து அவருக்கே தெரிந்திருந்தது. தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, போதும் என்று 1995இல் நிறுத்திக்கொண்டவர் அவர்தான்.

நிறுத்திய கையோடு அவர் எடுத்துக்கொண்ட வேடம் இரண்டாவது வாசல். ‘ஹெட்டி வெய்ந்த்ரப் இன்வெஸ்டிகேட்ஸ்’, 1996 முதல் 1998 வரை. லங்காஷயரில், அறுபதாவது பிறந்தநாள் அன்று இனி என்ன செய்வது என்று யோசிக்கும் ஒரு சாதாரண இல்லத்தரசி துப்பறிவாளர் ஆகிறாள். ஓய்வுபெற்ற கணவர் ராபர்ட், சில்லறைத் திருட்டில் சிக்கியிருந்த பதின்வயதுப் பையன் ஜெஃப்ரி ஆகிய இரண்டு பேரும்தான் அவள் படை. ஜெஃப்ரியாக வரும் டாமினிக் மோனகன் சில ஆண்டுகளில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களில் மெர்ரியாக உலகத்துக்கே அறிமுகமானார்.

எனக்கு ஹெட்டியை ரொம்பப் பிடிக்கும். வேடிக்கைக்காரியாக இல்லாமல் வேடிக்கையாக இருக்கும் ஒருத்தி அவள். பேருந்தில் போவாள், தேநீர் போட்டுக்கொண்டே சாட்சியை விசாரிப்பாள். வயதான பெண்ணை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதே அவளுக்கு ஆயுதம். நைஜல் ஹெஸ் அமைத்த முகப்பு இசையில் கார்னெட் என்ற ஊதுகருவி தனியாக ஒலிக்கும். வடக்கு இங்கிலாந்தின் பித்தளை இசைக்குழுக்களின் நெடி அதில் இருக்கிறது. கேட்டவுடனே ஊர் கண்முன் வந்துவிடும்.

ஆனால் தொடங்குவதற்கு இது ஏற்றதா? அம்மா அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்க வேண்டுமென்றால், சரி. கொலை உண்டு, கொடூரம் இல்லை. ஒவ்வோர் எபிசோடும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, கதை அதிலேயே முடிந்துவிடும். ரௌட்லிட்ஜ் என்ற நடிகையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஹெட்டி இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வர வேண்டியவள். அவர் எதையெல்லாம் செய்யாமல் அடக்கி வைத்திருக்கிறார் என்பது, மற்றவற்றைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஹயசிந்தின் உரத்த குரலைக் கேட்டிருந்தால்தான் ஹெட்டியின் நிதானம் புரியும்.

மூன்றாவது மிகச் சின்ன வாசல். 1980களின் நடுவில் விக்டோரியா வுட் நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சியில் கிட்டி என்ற பெண்ணாக வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சில நிமிடங்கள் பேசுவார். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள சீடலைச் சேர்ந்தவள் கிட்டி. எல்லாவற்றையும் பற்றி அவளுக்கு ஓர் உறுதியான அபிப்பிராயம் உண்டு. பேச்சு படுவேகம். அன்றைய பிரிட்டிஷ் கடைகள், பிராண்டுகள், டிவி ஆட்கள் என்று பெயர்கள் சரசரவென்று வந்து விழும். அவை தெரியாதவர்களுக்குப் பாதிச் சிரிப்பு கைநழுவிப் போகும். முதலில் பார்க்க நான் சொல்ல மாட்டேன். அவரைப் பிடித்துப்போன பிறகு தேடிப் பார்க்கலாம்.

நான்காவது வாசலுக்குத்தான் உங்களை அழைத்துப்போக விரும்புகிறேன். ஆலன் பென்னெட் எழுதிய தனிமொழிகள்.

பென்னெட் லீட்ஸ்காரர். 1982இல் அவர் பிபிசிக்கு ‘எ உமன் ஆஃப் நோ இம்பார்ட்டன்ஸ்’ என்ற நாடகத்தை எழுதினார். ஒரே ஒரு பாத்திரம், ஒரே முகம், அதுவும் ரௌட்லிட்ஜுடையது. பெக்கி என்ற அலுவலகப் பெண் தன் நாளைப் பற்றிப் பேசுகிறாள். கேன்டீனில் யார் எந்த மேசையில் உட்கார்ந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், தான் இல்லாவிட்டால் அந்த அலுவலகம் எப்படி நடக்கும் என்றெல்லாம். கொஞ்சம் கொஞ்சமாக, அவள் சொல்லாத ஒன்று நமக்குத் தெரியவருகிறது: அந்த அலுவலகத்தில் அவளை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. பிறகு அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. அப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறாள். மருத்துவமனைப் படுக்கையிலும் அதே உற்சாகம், அதே நம்பிக்கை. கதை இவ்வளவுதான்.

இந்த வடிவம் பென்னெட்டுக்குப் பிடித்துப்போய், 1988இல் ‘டாக்கிங் ஹெட்ஸ்’ என்ற பெயரில் ஆறு தனிமொழிகள் கொண்ட தொடராக வளர்ந்தது. அதில் ரௌட்லிட்ஜ் நடித்தது ‘எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்’. சுமார் அரை மணி நேரம். ஐரீன் ரடாக் தனியாக வாழ்கிறாள். அம்மா இறந்துவிட்டாள். நல்ல பேனா ஒன்று வைத்திருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாள்: நகராட்சிக்கு, காவல்துறைக்கு, யாரெல்லாம் தவறு செய்கிறார்களோ அவர்களுக்கெல்லாம். ஈமச்சடங்கு முடிந்த இடத்தில் சவ வண்டிக்காரர்கள் புகைபிடித்துக்கொண்டு நின்றதற்கு ஒரு புகார். தெருவில் நாய் அசிங்கம் செய்ததற்கு ஒன்று. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதியை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று கண்காணிக்கிறாள். அவர்கள் குழந்தையைச் சரியாகக் கவனிப்பதில்லை என்று அவளுக்குத் தோன்றுகிறது. அதையும் எழுதுகிறாள்.

இதன் பிறகு நடப்பதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரி வந்து விழும், சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். அப்போதும் ரௌட்லிட்ஜின் முகத்தில் பெரிதாக எதுவும் நடக்காது. கண் ஒரு நொடி கேமராவிலிருந்து விலகும், திரும்ப வரும். அழுகையோ நடுக்கமோ கிடையாது. தான் செய்தது என்ன என்று ஐரீனுக்குத் தெரிந்துவிட்டது என்பதும், தெரிந்ததை ஒத்துக்கொள்ள அவளால் முடியவில்லை என்பதும் அந்த ஒரு நொடியில் இருக்கின்றன. கடைசிப் பகுதி எந்தத் திசையில் போகும் என்று நான் முதல் முறை பார்த்தபோது ஊகிக்கவே இல்லை.

பெக்கியா, ஐரீனா? இரண்டில் பெக்கி நீளம், வேகமும் குறைவு. ஐரீன் கச்சிதம். ஆகவே ஐரீன்.

ஹயசிந்தை விட்டுவிட்டு, சிரிப்போடு இருட்டும் உள்ள இந்த ஒன்றில் ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்கு இதில் பிடிவாதமே உண்டு. ஐரீன் 1988இல் வந்தாள், ஹயசிந்த் 1990இல். இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இருவரும் ஜன்னல் வழியாகத் தெருவை அளக்கிறார்கள். இருவருக்கும் ஊர் ஒழுங்காக இருக்க வேண்டும், அந்த ஒழுங்கு தங்கள் பொறுப்பு. இருவரையும் அக்கம்பக்கத்தார் தவிர்க்கிறார்கள், அது அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தியிடம் பேனா, ஒருத்தியிடம் தொலைபேசி. ஒருத்திக்குப் பொறுமையான ஒரு கணவர் இருக்கிறார், இன்னொருத்திக்கு யாருமே இல்லை. ரிச்சர்ட் இல்லாத ஹயசிந்த் யார் என்று யோசித்தால், கிட்டத்தட்ட ஐரீன்.

முதலில் ஹயசிந்தைப் பார்த்துவிட்டு ஐரீனிடம் போனவர்கள் முதல் பத்து நிமிடத்தை வீணாக்குகிறார்கள் என்பது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அனுபவம். ஹயசிந்தின் சாயலைத் தேடுவார்கள், சிரிக்கக் காத்திருப்பார்கள், அந்தப் பெண்ணின் தனிமை அவர்களைத் தொடாது. முதலில் ஐரீனைப் பார்த்தவர்களுக்கு ஹயசிந்தின் நகைச்சுவை ஒரு துளிகூடக் குறைவதில்லை, கூடுகிறது. ஒவ்வொரு முறையும் வேலியில் விழுந்து எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொள்ளும்போது, இந்தப் பெண் எதை இவ்வளவு பாடுபட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. தங்கைகளின் வீட்டைப் பற்றி வெட்கப்பட்டாலும், அங்கே இருக்கும் அப்பாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் கணவரைக் கிளப்பிக்கொண்டு அங்கேதான் ஓடுகிறாள் என்பதும் கண்ணில் படுகிறது. 44 எபிசோடிலும் அவள் உறவை ஒரு முறைகூடக் கைவிடவில்லை. மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இந்தப் பரிந்துரைக்கு விலக்குகள் உண்டு. பென்னெட்டின் ஆங்கிலத்தில் சாதாரணச் சொற்களுக்குள் நிறைய ஒளிந்திருக்கும். எழுத்துவரிகள் இல்லாமல் பார்க்க வேண்டாம். ஆங்கிலம் கேட்டுப் பழகாத பெரியவர்களோடு பார்க்கிறீர்கள் என்றால் ஹயசிந்திலேயே தொடங்குங்கள். பாதிக் கதையை உடம்பாலேயே சொல்லிவிடுவார். வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தால் பென்னெட்டை ஆறு மாதம் தள்ளி வையுங்கள், ஹெட்டியைப் போடுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் எதிர்வீட்டுக் குழந்தை வரும் ஐரீன் கதை வேண்டாம்.

மற்றபடி என் வரிசை இது: ஐரீன், அதே வாரத்தில் ஹயசிந்தின் முதல் ஆண்டின் ஆறு எபிசோடுகள், பிறகு ‘சீ ஃபீவர்’. அதற்கப்புறம் நேரமிருக்கும்போது பெக்கி. ஹெட்டியை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, 1998இல் ‘டாக்கிங் ஹெட்ஸ்’ இரண்டாம் முறை வந்தபோது அவர் நடித்த ‘மிஸ் ஃபோஸார்ட் ஃபைண்ட்ஸ் ஹர் ஃபீட்’. பெரிய கடை ஒன்றில் வேலை பார்க்கும், பக்கவாதம் வந்த சகோதரனை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, கால் வைத்தியரிடம் போகிறாள். இவ்வளவுதான் ஆரம்பம். அது எங்கே போகிறது என்பதை ரௌட்லிட்ஜ் கொஞ்சமும் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். ஹயசிந்தாக ஐந்து ஆண்டுகள் கத்தியவர் இதே மனுஷிதானா என்று திகைப்பீர்கள். அந்தத் திகைப்புக்காகவே இது கடைசியில் வர வேண்டும்.

என்னிடம் கேட்ட மூன்று பேரில் இரண்டு பேர் நான் சொன்னதைக் கேட்கவில்லை, நேராக ஹயசிந்திடம் போனார்கள், சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். மூன்றாவது ஆள் என் அத்தை. ஐரீனைப் பார்த்து முடித்துவிட்டு எதுவும் பேசாமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுநாள் ஹயசிந்தைப் போட்டேன். நன்றாகச் சிரித்தார். அந்த வீட்டுத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஹயசிந்த் குரலை ஏற்றி, வீட்டுப் பெயரைச் சொல்லி எடுப்பாள், பல நேரம் எதிர்முனையில் சீன உணவகம் என்று நினைத்துச் சாப்பாடு கேட்கும் யாரோ ஒருவர் இருப்பார். நான்காவது எபிசோடுக்குப் பக்கத்தில் அத்தை சொன்னார்: “பாவம்டா, வர்ற போனெல்லாம் ராங் நம்பராவே இருக்கு.”

அப்புறம் அடுத்த எபிசோடைப் போடச் சொன்னார்.